மின்சாரம் போனபின் கணக்கு மிஞ்சுமா? தரவுத்தளங்களும் ‘எம்மேப்’ என்ற குறுக்குவழியும்

2021 டிசெம்பர் 3 ஆம் திகதி கொத்மலை – பியகம உயரழுத்த மின்மார்க்கத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது. அதற்கு முன்னர் 2020 ஓகஸ்ட் 17 இல் கெரவலப்பிட்டியில் தொடங்கிய மின்தடை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றினால் மீண்டும் நாடளாவிய இருள். இவை பெரிய தடைகள் மட்டுமே. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது கண்டி மலைப்பகுதிகளில் செய்தியே அல்ல.

ஒவ்வொரு முறையும், கொழும்பு வீதியின் மொத்த வியாபாரக் கடையிலோ, பேராதனை வீதியின் மருந்தகத்திலோ பில் போட்டுக்கொண்டிருந்த கணினி பாதியில் நின்றுபோகும். மின்சாரம் திரும்பியதும் கடைக்காரர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: கடைசியாக அச்சாகி வெளியே வந்த பில்வரை கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

இந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவது தற்செயலாக அல்ல. தரவுத்தளத்தை எழுதியவர்கள் எந்தத் தகவல் எப்போது நினைவகத்தில் இருக்க வேண்டும், எப்போது வட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தங்கள் கையில் வைத்திருப்பதால்தான் அது நிறைவேறுகிறது. அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வேலையை இலகுவாக்கலாமே என்ற ஆசை கணினித்துறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. ‘எம்மேப்’ என்பது அந்த ஆசையின் மிகப் பிரபலமான வடிவம்.

மேசையும் அலுமாரியும்

கணினியில் தகவல் இருக்கும் இடங்கள் இரண்டு. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி ஒன்று; இனி இரண்டையும் வட்டு என்றே சொல்வோம். மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அழியாது. மற்றது பிரதான நினைவகமான ரேம். அது வேகமானது, ஆனால் மின்சாரம் போன கணமே வெறுமையாகிவிடும். ரேமில் ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நனோ செக்கன் போதும். எஸ்எஸ்டியில் அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம் ஆகலாம். சுழலும் ஹார்ட் டிஸ்கில் இலட்சம் மடங்கு.

ஆகவே தரவுத்தளம், அலுமாரியில் உள்ள பேரேடுகளில் தேவையான பக்கங்களை மட்டும் மேசைக்கு எடுத்துவந்து வேலைசெய்யும் கணக்குப்பிள்ளையைப் போல நடந்துகொள்கிறது. அந்த மேசைக்குப் பெயர் பஃபர் பூல். ஒரு பக்கம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 8 கிலோபைட், மைஎஸ்கியூஎல்லின் இனோடிபியில் 16 கிலோபைட். மேசை நிறைந்தால் எந்தப் பக்கத்தைத் திருப்பி வைப்பது, திருத்திய பக்கத்தை எப்போது அலுமாரிக்கு அனுப்புவது, அடுத்து தேவைப்படப்போகும் பக்கம் எது என்று தீர்மானிப்பதுதான் பஃபர் முகாமைத்துவம். எழுதுவதற்கு மிகவும் சிக்கலான நிரல்களில் இதுவும் ஒன்று.

எம்மேப் செய்வது என்ன?

பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும் பலர் இயங்குதளம் என்றும் சொல்லும் ஒபரேட்டிங் சிஸ்டத்திடமும் இதேபோன்றதொரு மேசை ஏற்கனவே உண்டு. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதன் பக்கங்களை அது ரேமில் வைத்துக்கொள்ளும். ‘அப்படியானால் நான் ஏன் இன்னொரு மேசை போட வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானது.

எம்மேப் என்ற அழைப்பின் மூலம் ஒரு நிரல் இயங்குதளத்திடம், ‘இந்தக் கோப்பு முழுவதும் என் நினைவகத்தில் இந்த முகவரியில் தொடங்கி இருப்பதாக வைத்துக்கொள்’ என்று சொல்கிறது. அதன்பின் கோப்பைப் படிப்பது ரேமில் உள்ள ஓர் அணியைப் படிப்பது போலத்தான். 8 கிகாபைட் ரேம் உள்ள கணினியில் 100 கிகாபைட் கோப்பைக்கூட இப்படித் திறக்கலாம். நிரல் தொட்ட பக்கம் ரேமில் இல்லையென்றால், செயலி நிரலைச் சற்று நிறுத்தும். இயங்குதளம் அந்த 4 கிலோபைட் பக்கத்தை வட்டிலிருந்து கொண்டுவரும். நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரேம் நிறைந்தால் எதை வெளியேற்றுவது என்பதையும் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். நிரலை எழுதியவருக்கு இவை எதுவும் தெரியவே தேவையில்லை.

இந்த எண்ணத்தின் வேர் 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்தில் இருக்கிறது. இன்று நாம் அறிந்த வடிவில் எம்மேப் 1988 இல் சன்ஓஎஸ் 4.0 உடன் நடைமுறைக்கு வந்தது. இப்போது லினக்ஸ், விண்டோஸ், கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இதோ அல்லது இதன் சகோதரமோ உண்டு. நிரலொன்று தொடங்கும்போது அதன் கோப்பையும் பொது நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றுவதே இந்த வழியில்தான். ஆயிரக்கணக்கான வரி நிரலை எழுதாமல் தப்பலாம். இயங்குதளத்தின் மேசையிலிருந்து நம் மேசைக்குப் பிரதி எடுக்கும் செலவும் மிச்சம். இளம் தரவுத்தளக் குழுவொன்றுக்கு இது எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதினெட்டுக் கிலோ கொழுந்து

சிக்கல் எங்கே என்பதைப் பார்க்க நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தை எடுப்போம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவை கணினியில் பதியப்படுவதாக வைத்துக்கொள்வோம். காலை நிறுவையில் ஒரு தொழிலாளியின் கொழுந்து 18 கிலோ. இந்தப் பதிவு தரவுத்தளத்தில் இரண்டு பக்கங்களை மாற்றுகிறது: அவருடைய பெயருக்கு எதிரே 18 கிலோ கூடுகிறது, அன்றைய மொத்த நிறையிலும் 18 கிலோ கூடுகிறது. இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக்கூடாது. தரவுத்தளத் துறையில் இதைத்தான் ஒரு கொடுக்கல் வாங்கல் என்கிறோம்.

எம்மேப்பில், மாற்றிய பக்கத்தை எப்போது வட்டில் எழுதுவது என்பதை இயங்குதளம் தன் வசதிப்படி தீர்மானிக்கிறது. கொடுக்கல் வாங்கல் முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது பார்ப்பது மாறிய 4 கிலோபைட் துண்டுகளை மட்டுமே. மொத்த நிறையின் பக்கம் வட்டுக்குப் போய், தொழிலாளியின் பக்கம் போகுமுன் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? திரும்பத் திறக்கும்போது தோட்டத்தின் மொத்தத்தில் 18 கிலோ இருக்கிறது. அது யாருடையது என்பதற்குப் பதிவில்லை. இழப்பு கணினிக்கு அல்ல, அந்தத் தொழிலாளியின் நாட்சம்பளத்துக்கு.

பக்கத்தை ரேமிலேயே பூட்டிவைக்கும் எம்லொக் என்ற அழைப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பூட்டினால் பக்கம் ரேமிலிருந்து வெளியேறாது, அவ்வளவுதான். அதன் பிரதியை முன்கூட்டியே வட்டில் எழுதிவிடுவதை அது தடுக்காது.

முதற்பதிவேட்டின் விதி

வணிகமும் கணக்கீடும் படித்தவர்கள் இதற்கான தீர்வை உடனே சொல்லிவிடுவார்கள். எந்தக் கொடுக்கல் வாங்கலும் முதலில் முதற்பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அதன் பின்னரே பேரேட்டுக்குப் போக வேண்டும். பேரேடு கிழிந்துபோனாலும் முதற்பதிவேடு இருந்தால் மீண்டும் எழுதிவிடலாம்.

தரவுத்தளங்கள் செய்வதும் இதுவே. மாற்றம் பற்றிய குறிப்பு முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதப்பட்டு வட்டில் பதிந்ததாக உறுதியாக வேண்டும். அதற்கு முன் மாற்றிய பக்கம் வட்டைத் தொடக்கூடாது. பதிவுக் குறிப்பு வட்டில் சேர்ந்த பின்னரே ‘உங்கள் பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பயனருக்குச் சொல்லலாம்.

இந்த விதியின் மேல் இன்றைய தரவுத்தளங்கள் பெரிதும் பின்பற்றும் மீட்பு முறையைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. மோகன். சென்னை ஐஐடியில் 1977 இல் இரசாயனப் பொறியியல் பட்டம் பெற்று, பின் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவர், நான்கு சகாக்களுடன் சேர்ந்து 1992 இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்ற ஆய்வுக் கட்டுரை தரவுத்தள மீட்பின் அடிப்படைப் பாடமாக இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஏரீஸ் முறையில் ஒவ்வொரு பக்கத்திலும் அதைக் கடைசியாக மாற்றிய பதிவுக் குறிப்பின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் போய்த் திரும்பியதும் தரவுத்தளம் பதிவுக் கோப்பை எடுத்து மூன்று சுற்று வேலை செய்கிறது. முதலில், நின்ற கணத்தில் எவை நடந்துகொண்டிருந்தன என்று ஆராய்கிறது. அடுத்து, பதிவில் இருந்தும் பக்கத்தில் இல்லாத மாற்றங்களை மீளச் செய்கிறது. கடைசியாக, முடிவுறாத கொடுக்கல் வாங்கல்களின் மாற்றங்களை நீக்குகிறது. நமது உதாரணத்தில் 18 கிலோ இரண்டு இடத்திலும் இருக்கும், அல்லது ஓரிடத்திலும் இராது. இராவிட்டால், பதிவு ஏற்கப்பட்டதாக நிறுவைக்காரருக்குச் சொல்லப்பட்டிருக்கவும் மாட்டாது, மீண்டும் பதியலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏரீஸ் முறை பக்கங்களை எந்த நேரத்திலும் எழுத அனுமதிக்கிறது என்பது. அது கேட்பது ஒன்றை மட்டுமே: பதிவு முந்த வேண்டும். வெறும் எம்மேப்பினால் உறுதிப்படுத்த முடியாததும் அந்த ஒன்றைத்தான்.

மொங்கோடிபி கண்ட பாடம்

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 2009 இல் வெளிவந்து இணைய நிறுவனங்களிடையே வேகமாகப் பரவிய மொங்கோடிபி, தன் முதல் சேமிப்பு இயந்திரத்தை எம்மேப்பின் மேல்தான் அமைத்தது. கோப்பு முழுவதும் முகவரி வெளிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் 32 பிட் கணினிகளில் ஏறத்தாழ 2 கிகாபைட் தரவோடு அது நின்றுவிட்டது. 2011 வரை அதில் முதற்பதிவேடும் இருக்கவில்லை. பின்னர் சேர்த்தபோது, பதிவை முந்தவைப்பதற்காக ஒரே கோப்பை இரண்டு தடவை நினைவகத்தில் பொருத்த வேண்டிவந்தது: மாற்றங்கள் நிகழும் தனிப் பார்வை ஒன்று, வட்டுக்குப் போகும் பொதுப் பார்வை மற்றொன்று. பக்கங்களைச் சுருக்கிச் சேமிக்கவும் முடியவில்லை. எம்மேப்பில் வட்டில் உள்ளதும் நினைவகத்தில் உள்ளதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

2014 டிசெம்பரில் மொங்கோடிபி நிறுவனம், தனக்கென பஃபர் முகாமைத்துவம் கொண்ட வயர்டைகர் என்ற இயந்திரத்தை அதன் நிறுவனத்தோடு வாங்கியது. 2015 இறுதியில் வெளியான 3.2 பதிப்பில் அதுவே இயல்பான தெரிவாயிற்று. 2019 இல் 4.2 பதிப்போடு பழைய இயந்திரம் முற்றாக நீக்கப்பட்டது. மிச்சம்பிடித்ததாக நினைத்த வேலையைப் பத்தாண்டுகளுக்குள் செய்தே தீரவேண்டியதாயிற்று.

வேகமும் உறுதியல்ல

பாதுகாப்பு குறைந்தாலும் வேகம் கிடைக்கும் என்ற வாதமும் உண்டு. 2022 ஜனவரியில் அன்ட்ரூ க்ரொட்டி, விக்டர் லைஸ், அன்ட்ரூ பாவ்லோ ஆகியோர் ஒரு தரவுத்தள மாநாட்டில் முன்வைத்த ஆய்வு இதைச் சோதித்தது. ரேமில் 100 கிகாபைட் இடம் கொடுத்து, 2 டெராபைட் தரவை எழுந்தமானமாகப் படிக்கவைத்தார்கள். வட்டை நேரடியாகப் படித்த முறை செக்கனுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் வாசிப்புகளை நிலையாகத் தந்தது. எம்மேப் முதல் 27 செக்கன்களுக்கு அதற்கு ஈடுகொடுத்தது. ரேம் நிறைந்து பக்கங்களை வெளியேற்ற வேண்டிவந்ததும் வேகம் ஏறக்குறைய பூச்சியத்துக்கு விழுந்தது; மீண்டபின்னும் பாதி வேகம்தான். 10 எஸ்எஸ்டிகளை இணைத்து வரிசையாகப் படித்தபோது இடைவெளி சுமார் 20 மடங்கு.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. செயலியின் ஒவ்வொரு கோரும் ‘எந்தப் பக்கம் ரேமில் எங்கே’ என்ற சிறு குறிப்பைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தை வெளியேற்றினால் எல்லாக் கோர்களிடமும் சொல்லி அந்தக் குறிப்பை அழிக்கவைக்க வேண்டும். கோர்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்தச் செலவும் கூடும். வட்டுகள் மந்தமாக இருந்த காலத்தில் இது கண்ணுக்குத் தெரியவில்லை. எஸ்எஸ்டி வந்தபின், மறைந்திருந்த நெரிசல் வெளியே தெரிந்தது.

இயங்குதளத்தின் மேசை தரவுத்தளத்துக்குப் பொருந்தாது என்ற வாதம் புதியதும் அல்ல. இங்ரஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய மைக்கல் ஸ்டோன்பிரேக்கர் 1981 இலேயே இதை எழுதினார். இயங்குதளம் பொதுவாக, நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை வெளியேற்றும். ஆண்டு முழுவதற்குமான விற்பனையை ஒருமுறை வரிசையாகப் படித்தால், ஒரு தடவைக்குமேல் தேவைப்படாத பக்கங்கள் உள்ளே வந்து, நாள்தோறும் தேவைப்படும் பக்கங்கள் வெளியே தள்ளப்படும். அடுத்து எதைப் படிக்கப்போகிறோம் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும். இயங்குதளம் ஊகிக்கத்தான் முடியும்.

பிழை கையாளுதலிலும் இதே நிலைதான். சாதாரண வாசிப்பில் வட்டு பழுதென்றால் நிரலுக்கு ஒரு பிழைச்செய்தி திரும்பும். மாற்று வழி பார்க்கலாம். எம்மேப்பில் அது ஒரு சமிக்ஞையாக வரும். அதைப் பிடிக்க ஏற்பாடு இல்லையென்றால் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

எங்கே அது பொருந்தும்?

இதைக்கொண்டு எம்மேப்பே கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. ஓப்பன்எல்டாப் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ 2011 இல் உருவாக்கிய எல்எம்டிபி, எம்மேப்பின் மேலேயே நின்று நம்பகமாக இயங்குகிறது. அதன் உத்தி வேறு. இருக்கும் பக்கத்தை அது திருத்துவதே இல்லை. புதிய பிரதியை வேறிடத்தில் எழுதி முடித்த பின்னரே ‘இனி இதுதான் நடப்பு’ என்று தலைப்புப் பக்கத்தை மாற்றுகிறது. இயல்பு நிலையில் எம்மேப் வழியாகப் படிக்க மட்டுமே முடியும். எழுதுவது தனி வழியில். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

நம் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் உள்ள எஸ்கியூலைட், 2013 முதல் எம்மேப்பை ஆதரிக்கிறது. ஆனால் நிறுவும்போது அந்த வசதி பொதுவாக அணைத்தே இருக்கும். இயக்கினாலும் படிப்பதற்குத்தான்; மாற்ற வேண்டிய பக்கத்தை அது முதலில் தன் சொந்த நினைவகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் பொதுவானது தெளிவு: படிப்பதை இயங்குதளத்திடம் விடலாம், எழுதும் வரிசையை விடக்கூடாது. ஒருமுறை எழுதி மாறாத கோப்புகளுக்கும், ரேமுக்குள் முழுதாக அடங்கும் அகராதி போன்ற தரவுக்கும் எம்மேப் நல்ல கருவியே.

சொந்த மேசை இருந்தாலும் இயங்குதளத்தை முழுதாக மறந்துவிட முடியாது. போஸ்ட்கிரெஸ் தன் பஃபர் பூலோடு இயங்குதளத்தின் மேசையையும் பயன்படுத்துகிறது. ‘வட்டில் எழுதிவிடு’ என்ற எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை தோற்றபின், லினக்ஸ் அதே பக்கத்தை எழுதப்பட்டதாகக் கருதி, இரண்டாம் முறை கேட்டால் ‘சரி’ என்று பதில் சொல்லக்கூடும் என்பது 2018 இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு வந்த திருத்தத்தில், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மீண்டும் கேட்காது. உடனே நின்று, முதற்பதிவேட்டிலிருந்து மீளும்.

கண்டியில் மென்பொருள் செய்வோருக்கும் வாங்குவோருக்கும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலுக்கென ஒரு துறை 1985 முதல் இயங்கிவருகிறது. அங்கிருந்தும் தனியார் கற்கைநெறிகளிலிருந்தும் வெளிவரும் இளைஞர்கள் பலர் இந்த நகரத்திலேயே கடைகளுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கிறார்கள். கற்கைகளில் இயங்குதளம் ஒரு பாடம், தரவுத்தளம் வேறொரு பாடம். எம்மேப் இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் இருப்பதால் எளிதில் கவனம் தப்பிவிடும்.

நடைமுறையில் சில விடயங்களைப் பார்க்கலாம். சொந்தமாகச் சேமிப்புக் கோப்பு எழுதி எம்மேப்பில் திறப்பதைவிட, பதிவுக் கோப்பு முறை உள்ள எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற ஒன்றை எடுப்பது மேல். வேகம் கூடட்டும் என்று எஃப்சிங்க் அமைப்பை அணைத்துவைக்கக்கூடாது. அது முதற்பதிவேட்டை எழுதாமலே ‘எழுதியாயிற்று’ என்று சொல்வதற்குச் சமம். போஸ்ட்கிரெஸ் நிறுவும்போது பஃபர் பூல் 128 மெகாபைட்தான். அதற்கெனவே ஒதுக்கிய கணினியில் ரேமின் கால்பங்கிலிருந்து தொடங்கலாம். யூபிஎஸ் அவசியம்தான், ஆனால் அதன் பற்றரியும் ஒருநாள் கைவிடும். முதற்பதிவேட்டுக்கு அது மாற்றல்ல. வட்டே பழுதானால் முதற்பதிவேடும் போய்விடும் என்பதால், வேறிடத்தில் வைத்த காப்புப் பிரதியும் வேண்டும்.

மென்பொருள் வாங்கும் கடைக்காரருக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. விலை பேசுமுன் ஒரு சோதனையைக் கேட்டால் போதும். பரீட்சார்த்தத் தரவோடு தொடர்ந்து பில் போடவைத்து, நடுவே கணினியின் மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். மீண்டும் திறந்ததும், அச்சான கடைசி பில் கணக்கில் இருக்கிறதா, கையிருப்பும் விற்பனையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை போதாது, பத்து முறையாவது செய்ய வேண்டும், ஏனென்றால் பிழை இருந்தாலும் எல்லா முறையும் வெளிப்படாது. செய்துகாட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் காரணம் கேட்பது கடைக்காரரின் உரிமை.